மூன்றாம் முறை கூப்பிட்டால்

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிய பிறகும் அந்த ஒலிபெருக்கியின் பச்சை விளக்கு அணையவில்லை.

தேயிலைத் தோட்டத்துத் தலைமை எழுத்தரான பாக்கியநாதன் முன்னறையில் நிமிர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். ஹாலிஎலயின் மாலை மூடுபனி ஜன்னல் இடுக்கில் கசிந்து வந்தது. அதோடு தேயிலைத் தொழிற்சாலையின் வாடிய கொழுந்து வாசமும், தகரக் கூரையில் மரங்கள் சொட்டும் ஓசையும், குசினியில் மனைவி றோசாலி தாளிக்கும் கறிவேப்பிலையின் வெடிப்பும் கலந்து வந்தன.

ஒலிபெருக்கியை விட்டுப்போனவன் ரஜீவன். கொழும்பில் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவன். மகள் நிஷாலினி எழுதிய ஒரே நாவலைத் தொடராக்குகிறார்கள். ஒரு நிதி நிறுவனத்தின் செயற்கை மூளை, செத்துப்போனவர்களின் குரலில் அவர்களுடைய வீட்டாரை அழைத்துச் சேமிப்பையெல்லாம் கறக்கும் கதை. பதில் சொன்னவரின் குரலையும் அது எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலில் அடுத்தவரைக் கூப்பிடும். புத்தகம் வெளிவந்த வருடமே நிஷாலினி காய்ச்சலில் போய்விட்டாள்.

"மெஷினுக்கு அக்காவோட குரலையே வச்சா சனம் அழுதிரும், ஐயா," என்று காலையில் ரஜீவன் கெஞ்சினான்.

"பெரிய கிளாக்கர் வீட்டுப் பொண்ணு, தம்பி. செத்த பெறகும் ஊர் முன்னால கூவணுமோ?"

கொடுக்கவும் அவரிடம் ஒன்றுமில்லை. அவளுடைய போனை யாராவது திறந்து பார்த்து ஏதாவது கதை கட்டுவார்களோ என்று, அதைச் சவப்பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னவர் அவர்தான். அவள் குரல் வேறெங்கும் இல்லையென்பது பிறகுதான் உறைத்தது. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் முகம் வருகிறது. குரல் வருவதில்லை.

"அப்ப மெஷின் வாசிக்கிற மாதிரியே கேட்டுப் பாருங்க. பிடிக்காத எடத்த நாளைக்கிச் சொல்லுங்க," என்று ரஜீவன் முதல் பாகத்தை அதில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். உயிரில்லாத அந்த வாசிப்பைப் பாதிக்கு மேல் சகிக்க முடியாமல்தான் வயரைப் பிடுங்கினார்.

"அப்பா."

அது அந்த உயிரில்லாத குரல் இல்லை.

யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைதான் றோசாலி பதில் சொல்வாள். கொஸ்லந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்தவள். பேய்க்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடத் தெரியாதாம். "பூசைக்குப் போற பொம்பள பேசுற பேச்சா இது?" என்று அவர் எரிந்து விழுவார். நிஷாலினி சிரிப்பாள். சிரித்துவிட்டு நாவலிலும் எழுதினாள்: அவளுடைய இயந்திரம் மூன்றாம் முறையும் கூப்பிடக் கற்றுக்கொண்டது.

"அப்பா."

சளி பிடித்தால் வரும் அந்தக் கரகரப்பு. அவளேதான்.

பல்லைக் கடித்தார். பதில் சொல்லக் கூடாது. தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூன்றாவது வராமலே போய்விட்டால்?

கூரையில் மரங்கள் சொட்டின. பச்சை விளக்கு துடித்தது.

"அப்பா."

"என்னம்மா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

விளக்கு அணைந்தது.

"நிஷா," என்றார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடி சொன்னார். தொண்டை புடைத்தது. காற்று மட்டும். மேசையைத் தட்டினார். அது கேட்டது.

"றோசாலி!"

ஒலிபெருக்கியிலிருந்து. அவருடைய குரல். தேத்தண்ணி கேட்கும் அதே அதிகாரம்.

குசினியில் கரண்டி நின்றது. அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள்.

எழுந்தார். நாற்காலி விழுந்தது.

"றோசாலி!"

ஓடினார். வாய் பிளந்திருந்தது. சுவரில் தோள் மோதியது. அடுப்படியில் அவள், முதுகைக் காட்டியபடி, தலையைச் சாய்த்து எண்ணிக்கொண்டு.

"றோசாலி!"

கையை நீட்டினார். அவள் வாயைப் பொத்த. இன்னும் ஓரடி.

மூன்றாவதும் வந்துவிட்ட நிம்மதியில் அவள் முகம் தெளிந்தது. "இந்தா வந்துட்டேங்க," என்றபடி திரும்பினாள். அவரைக் கண்டு மேலும் ஏதோ கேட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

இருட்டிக்கொண்டு வந்த, ஆளில்லாத முன்னறையில், நிஷாலினி போனதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டிராதபடி, அப்பாவும் அம்மாவும் மகளும் வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.