ரபியா வீட்டுக் கூரையை உடைத்தது யார்?

வாசலில் அழுகுரல் கேட்டதும் கமலா அடுப்பில் இருந்த பாலை மறந்து ஓடினாள். ரபியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கலங்கிய முகத்தோடு யார் வந்தாலும் கமலாவுக்கு உற்சாகம் பிறந்துவிடும். நல்ல மனசுக்காரிதான், ஆனால் மர்மம் என்றால் அவளுக்கு உயிர். அவள் கணவர் முருகேசன் சேலம் வாடகைக் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டில் குடியேறியவர். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு என்றால் ஊர் அவரைத்தான் தேடி வரும். அவரும் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, ராத்திரி மழைக்கு ஊடு ஒழுகிருச்சுங்க. ஓடு உடைஞ்சிருக்கு. பொங்கலப்ப டிவி ஆன்டெனா கட்டுறப்போ நாங்கதான் உடைச்சோம்னு ஓனர் சின்னசாமி சொல்றாருங்க. ஊட்டைச் சேதம் பண்ணுனீங்க, காலி பண்ணுங்கன்னு நிக்கிறாரு. எம்பொண்ணு ஆசியாவுக்கு ஒம்பதாம் மாசம். பிரசவத்துக்கு வந்த புள்ளையைக் கூட்டிக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?"

"அந்தாளேதான் ஏறி உடைச்சிருப்பாரு! சீசனுக்கு வர்றவங்களுக்கு ஊட்டை விடத்தான் இந்த வேலை," என்று கமலா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"முதல்ல கூரையைப் பார்ப்போம்," என்றார் முருகேசன். உள்ளே பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

ரபியாவின் ஓட்டு வீட்டுக்குக் கிழக்கே ஒரு சில்வர் ஓக் மரம். உச்சிவரை மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஓடு உடைந்திருந்ததும் அந்தப் பக்கம்தான். ஆன்டெனா மேற்குக் கோடியில் நின்றது. சின்னசாமி கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்.

ரபியாவின் மர ஏணியைக் கூரையோரம் சாய்த்தார்கள். முருகேசன் வேண்டாம் என்பதற்குள் கமலா சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. உடைஞ்ச துண்டுக்கு அடியில ஒரு மிளகுக் கதிர் நசுங்கிக் கிடக்குது. பச்சைகூட இன்னும் முழுசாப் போகலை."

"அதைத் தொடாதே," என்றவர் குனிந்து தரையைப் பார்த்தார். மர ஏணியின் இரண்டு கால்களும் ஈர மண்ணில் பதிந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், மழையில் கரை இடிந்த பழைய குழி ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று, ஆழமாக, வட்டமாக.

"இந்த மிளகு யாருதுங்க?"

"என்னுதுங்க," என்றார் சின்னசாமி. "ஊடு மட்டுந்தான் வாடகைக்கு. மலையில எங்கியும் மரமும் கொடியும் ஓனருக்குத்தானுங்களே? சும்மா சொல்லக்கூடாது, இவங்க ஒரு கதிரைக்கூடக் கிள்ளுனதில்லைங்க."

"இந்த வருசம் யாரு பறிச்சது?"

"ஆளு கிடைக்கலீங்க. போன வாரம் இவங்க சேலம் போயிருந்தப்ப நானே பறிச்சேன்."

"பார்த்தீங்களா!" என்று கூரையிலிருந்து கமலா கூவினாள்.

முருகேசன் நிதானமாகப் பேசினார். "பொங்கலுக்கு உடைஞ்சிருந்தா, துண்டுக்கு அடியில போன வாரத்துப் பச்சைக் கதிர் எப்படிங்க போகும்? ஆன்டெனாவும் அந்தக் கோடியில இருக்குது. கதிர் விழுந்த பின்னாலதான் ஓடு உடைஞ்சிருக்கு. அதாவது, நீங்க பறிச்ச அன்னிக்கு."

"நான் கூரைமேல காலே வைக்கலீங்க!"

"நீங்க வைக்கலை, உங்க ஏணி வெச்சுது. ரபியா ஊட்டு ஏணிக்கு ரெண்டு கால். மிளகு பறிக்கிற மூங்கிலுக்கு ஒத்தைக் கால். இங்க இருக்கிறது ஒரே குழி."

மலையில் மிளகு பறிப்பவர்கள் ஒற்றை மூங்கிலில் கிளைகளைக் குட்டையாக நறுக்கி, அவற்றையே படியாக மிதித்து ஏறுவார்கள். படி முறிந்துவிடும் என்று அதைத் தரையில் கிடத்தமாட்டார்கள். எதிலாவது சாய்த்துத்தான் வைப்பார்கள்.

சின்னசாமியின் கை தானாகக் கட்டவிழ்ந்தது. "டீ குடிக்கப் போறப்ப கூரையில சாத்துனேனுங்க. டக்குனு ஒரு சத்தம் கேட்டுது. மூங்கில்தான் நெரியுதுன்னு நெனச்சேன்." அவர் ரபியாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நொம்பத் தப்புங்க."

"கூரையைப் பழுது பார்க்கிறது ஓனர் கடமை," என்றார் முருகேசன். "குடியிருக்கிறவங்க சேதம் பண்ணியிருந்தாலும் கோர்ட்டுதான் காலி பண்ணச் சொல்லணும், நீங்க சொல்ல முடியாது. ஏம்மா ரபியா, ஆன்டெனா கட்டுறதுக்கு முன்னால நீயும் ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணுமுங்க," என்றாள் ரபியா.

கமலா மெதுவாக இறங்கி வந்தாள். "வேணும்னே செஞ்சாருன்னு நெனச்சுட்டேனுங்க."

"பாதி சரி. அதுக்குப் பாதிப் பால் போச்சு," என்றார் அவர்.

பொழுது சாய்வதற்குள் சின்னசாமியே ஏறிப் புது ஓடு மாற்றினார். ரபியாவின் மர ஏணியைத்தான் கேட்டு வாங்கினார்.

அடுத்த மழை பெய்தபோது கூரை ஒழுகவில்லை. கீழே ஆசியாவின் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நனைந்தபடி வந்த சின்னசாமி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"பச்சை உடம்புக்கு மிளகுச்சாறு நல்லதுங்க. நம்ம மரத்துதுதான்."

ரபியா அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மரத்து மிளகு அந்த வீட்டு அடுப்படிக்குப் போனது அன்றைக்குத்தான்.