நோட்டில் ஏழாவதாக இருந்த டீச்சர்

சமையலறை வாசலில் அவர் முக்காட்டுத் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மனைவியின் கைப்பையில் அவர் தேடப் போனது பேனா. பத்து மணிக்குக் கூட்டம், இருபத்திரண்டு பேருக்கு டீ கொதித்துக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையிலா இது அகப்பட வேண்டும்!

"என்ன இது?"

"பார்த்தா தெரியலையா? துணி."

"விளையாடாதே! வெள்ளிக்கிழமையானா லேட்டா வர்றியே, ஏன்னு இப்பதான் புரியுது. திருட்டுத்தனமா தொழப் போறே! பதினோரு வருஷமா நான் கட்டினதை என் வீட்டுக்குள்ளேயே இடிக்கிறியே..."

கட்டினாராம்! அவள் கரண்டியைப் போட்டு டீயைக் கலக்கினாள். முஸ்லிம் குடும்பங்களில் பிறந்து, தொழுகையையும் நம்பிக்கையையும் விட்டவர்களுக்கான மன்றம் அது. சொந்தபந்தம் கைவிட்டாலும் ஒருவருக்கொருவர் மனிதராக நிற்போம் என்பதுதான் அதன் முதல் வாக்கு. அந்த வாக்குக்கு அவள் கொடுத்தது கொஞ்சமா? மன்றம் தொடங்கிய நாளிலிருந்து பெற்ற தாய் இந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கையின் கல்யாணம் முடிந்த செய்தியே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. அவளும் யோசித்து யோசித்து நம்பிக்கையை விட்டவள்தான். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று அவள்தான் அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் துணியை மேசைமேல் போட்டார்.

"என் வீட்டிலேயே இப்படி! நான் யாருக்குப் புத்தி சொல்றது?"

மருந்துக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். லாரி டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் டீத்தட்டை ணங்கென்று வைத்தாள்.

"அண்ணே, தீர்மான நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? போன வாரம் ஏழாவதா என்ன எழுதியிருக்கு? படிங்க."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஏழு... இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் டீச்சரைப் பார்க்கச் செல்வது. நேரமில்லாததால் அடுத்த வாரம்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதேதான்மா."

"அதுக்கும் முந்தி?"

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"அஞ்சு வாரமா முதல் விஷயத்தைத் தாண்ட முடியல உங்களால! அது என்ன? ஒருத்தரையொருத்தர் பார்த்தா சலாம் சொல்றதா, வணக்கம் சொல்றதா!" அவள் குரல் உடைந்தது. "இந்த மன்றத்தை உங்களோட சேர்ந்து ஆரம்பிச்சது டீச்சர். இப்ப அவங்க அண்ணன் வீட்ல கிடக்குறாங்க. போனைக்கூடப் பிடுங்கி வச்சிட்டார். தலையை மூடாத பொம்பளை என் படியேறக் கூடாதுன்னார். மூடிக்கிட்டு ஏறினேன். வெள்ளிக்கிழமை அவர் தொழப் போயிட்டு வந்து நல்ல மனசோட இருப்பார், அதான் அன்னைக்குப் போறேன். படுத்துப் படுத்து முதுகெல்லாம் புண்ணு... துடைச்சு மருந்து போட்டுட்டு வர்றேன். நம்ம ஆளுங்க என்னைக் கேட்டாங்களான்னு கேக்குறாங்க. தினமும் கேக்குறாங்கன்னு பொய் சொல்றேன்... உங்க மானத்தைக் காப்பாத்த!"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..." என்றார் அவர்.

"டீச்சர் படுத்திருக்காங்கன்னு வந்து சொன்னேனே! நோட்ல எழுதச் சொன்னது யாரு? நான் போறதைச் சொல்லியிருந்தா, துணி போட்டது சரியா தப்பான்னு அதுக்கு ஒரு அஞ்சு வாரம் பேசியிருப்பீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆம்பளைங்க தொப்பியோட வந்தா டீச்சரோட அண்ணன் விடுவார். யாரு வர்றீங்க?"

டீ ஆடை கட்டியது. "கொள்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா," என்று டிரைவர் இழுத்தார். அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

அந்த வாரம் முழுக்க டீயை அவரே போட்டுக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளுக்கு ரத்தம் எடுத்து முடித்து, பரிசோதனை நிலையத்திலிருந்து அவள் வெளியே வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் புதுத் தொப்பி. அளவு பெரிது, காதுவரை இறங்கியிருந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இப்படி ஒண்ணைக் கழட்டி, பெத்த அத்தா காலடியில எறிஞ்சிட்டு வந்தவன் நான்..." அவர் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "டீச்சர் சிரிப்பாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும், பாவம். சிரிச்சு ரெண்டு மாசமாச்சு."

"அத்தனை பேர் முன்னால உன்னை... என்னை மன்னிப்பியா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக் கோபம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா என்ன?

"அதை எத்தனாவதா எழுதுறது?"

"முதல்ல," என்றார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

அவள் எட்டி அந்தச் சீட்டைக் கிழித்தாள். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கினாள். பிறகு பையிலிருந்து துணியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, பஸ் வந்துடும்."