ஒலி சமமாகும் இடம்

மூலை ஸ்பீக்கரின் ஒலியை யாரோ மறுபடியும் குறைத்து வைத்திருந்தார்கள்.

எபி ஆம்ப்ளிஃபயர் முன்னால் குத்தவைத்து, ஒளிர்ந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியன்; ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்கத் தெரியாத ஆள். இடது பக்கம் இம்மியளவு தூக்கலாக இருந்தாலும் காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி நெளிவான். "பாட்டு கேக்கதுக்கு வாங்குனியளா, பரீட்சை வைக்கதுக்கா?" என்று மனைவி பெர்லின் கேலி செய்வாள்.

திசையன்விளையில் வீட்டைக் காலி செய்த மெர்வின் அண்ணாச்சியிடம் வாங்கிய பழைய செட் அது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. கணக்கு எளிதுதான். கேட்பவருக்குக் கிட்டே இருக்கும் ஸ்பீக்கரைக் குறைத்து, தள்ளி இருப்பதைக் கூட்ட வேண்டும். அப்போது அவர் காதில் ஐந்தும் ஒரே அளவாக விழும்.

எபி சோபாவுக்குத்தான் சரிபார்த்து வைப்பான். காலையில் பார்த்தால் எண்கள் மாறியிருக்கும். முதலில் பெர்லின் மேல் பழி போட்டான். ரிமோட்டைத் தொடவே இல்லை என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். பிறகுதான் அவனுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. மாறிக் கிடந்த அளவுகளை அப்படியே விட்டுவிட்டு, செட்டிலேயே உள்ள சோதனை இரைச்சலை ஓடவிட்டான். 'உஸ்ஸ்' என்று அது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வர, கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். ஐந்தும் சமமாகக் கேட்ட இடத்தில் கண்ணைத் திறந்தால், வாசல் நிலையை ஒட்டி, செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். மறுநாள் அந்த இடம் சாப்பாட்டு மேஜைக்கு நகர்ந்திருந்தது. அங்கே நின்று கேட்பது யார்?

இன்று பெர்லினுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. ஐப்பசி மழை சாயங்காலத்தையே இருட்டாக்கியிருந்தது. ஈரச் சுவரின் வாடையும் பிள்ளைக்குப் போட்ட பவுடரின் வாடையும் கலந்து ஹாலில் தேங்கி நின்றன. மூலையில் சேலைத் தொட்டிலுக்குள் ஏழு மாதப் பிள்ளை ஜெசி உறங்கினாள். இரைச்சலைத் தணிவாக வைத்து, கண்ணை மூடி, நாற்காலியின் முதுகைத் தடவி, மேஜையைத் தாண்டி, இடது காதில் தூக்கலாகக் கேட்டால் வலப்பக்கம் ஒதுங்கி, பின்னால் கூடினால் ஓர் எட்டு முன்னால் வைத்து, எபி பைய நடந்தான். நெற்றியில் துணி உரசியது.

ஐந்தும் சமம்.

கண்ணைத் திறந்தான். தொட்டில்.

மெர்வினுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னான்.

"அது வாசல்ல நிக்குத வரைக்கும் நாங்களும் பொறுத்துக்கிட்டோம், தம்பி," என்றார் மெர்வின். "வீட்டுல பிள்ளை இருக்கா?"

"ஏழு மாசம். ஏன் அண்ணாச்சி?"

"தூக்கிரு. இப்பமே தூக்கிக்கிட்டு வெளிய போயிரு. நாங்க தூக்கப் பிந்திட்டோம்."

தெரிந்தே செட்டை என் தலையில் தள்ளிவிட்டிருக்கிறான் பாவி. திட்டக்கூட எபிக்கு நேரமில்லை. தொட்டிலுக்குள் கைவிட்டு ஜெசியை வாரி எடுத்தான். அவளுடைய சூடு நெஞ்சில் பட்டதும்தான் அவனுக்கு மூச்சே வந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

ஆம்ப்ளிஃபயரில் எண்கள் தாமாக மாறிக்கொண்டிருந்தன. ஓர் எட்டு வைத்தான். மாறின. நின்றான். நின்றன. இரைச்சல் ஐந்து பக்கமும் ஒரே அளவாகக் கேட்டது, அவன் நிற்கும் இடத்துக்கு. பிள்ளை இருக்கும் இடத்துக்கு.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். எண்கள் அணைந்தன.

உஸ்ஸ்.

இடப்பக்கம்.

பிறகு முன்னால். வாசலுக்கும் அவனுக்கும் நடுவில்.

வலப்பக்கம்.

ஸ்பீக்கர்கள் சுவரில் இருந்தன. இது அவ்வளவு தள்ளி இல்லை. கையெட்டும் தூரம். மூச்சு விடும் சத்தம். அவனைச் சுற்றி நடந்தது.

ஜெசி கண் விழித்திருந்தாள். அழவில்லை. சத்தம் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள். இடது. முன். வலது. பிறகு திருப்பவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், உயரத்தில், ஒரே இடத்தைப் பார்த்தாள். பொக்கை வாய் திறந்து சிரித்தாள். இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"கர்த்தரே..." என்று எபி அவளை இறுக்கினான். விரல் நோகும் அளவுக்கு இறுக்கினான். பிடி தளரவில்லை. ஆனால் பிள்ளையின் பாரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அவன் இடுப்பில் பட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கால்கள் இரண்டும், பைய, மேலே எழும்பின.