அலாரம் அடிக்க வைத்த முத்தம்

அலாரம் அலறியது. ஏணி மேல் நின்று பழைய திரையொன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நோமி, தடதடவென்று இறங்கி ஓடினாள்.

யூதர்களின் வேதமான தோரா சுருளுக்குப் போர்த்தும் நீல வெல்வெட் உறையின் முன்னால் ஒருவன் நின்றிருந்தான். மழையில் பாதி நனைந்த கோட்டு. வலது கை விரல்கள் இன்னும் உதட்டின் மேலேயே... திருடனுக்கு இப்படி ஒரு முழி இருக்காது. சாம்பல் நிறக் கண்கள், ஆம்ஸ்டர்டாம் வானம் போல எப்போது வேண்டுமானாலும் மாறிவிடும் கண்கள்.

"தொட்டீங்களா?"

"கை தானா போயிடுச்சுங்க. தொட்டு முத்தம் குடுத்தே பழக்கம், சின்ன வயசுலேர்ந்து..."

"இது ஜெபக்கூடம் இல்ல. மியூசியம்."

அவன் நிமிர்ந்து, பெண்கள் அமரும் மாடத்தைப் பார்த்தான். "அப்படியா? என் கைக்கு யாரும் சொல்லலையே."

சிரிப்பை அடக்கிக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அவன் சொன்னதிலும் தப்பில்லை. நாலு பழைய ஜெபக்கூடங்களைக் கண்ணாடிக் கூரை போட்டு இணைத்துத்தான் மியூசியம் ஆக்கியிருந்தார்கள். இங்கே வந்து வணங்கிய யூதர்களைப் போரின்போது நாஜிகள் பிடித்துக்கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்த கொஞ்சம் பேருக்கு நாலு கூடங்கள் தேவைப்படவில்லை. அந்த உறையை யாராவது முத்தமிட்டு அவள் பார்த்ததே கிடையாது. கோபம் வர வேண்டிய இடத்தில் ஆர்வம்தான் வந்தது... யார் இவன்?

மறுநாளே பதில் வந்தது, கையில் இஞ்சிப்பாகு சொட்டும் போலஸ் ரொட்டிப் பொட்டலத்தோடு.

"அபராதம்" என்று நீட்டினான். "பேர் பென்னோ. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

"திங்கற பொருளை உள்ள கொண்டு வரக் கூடாது."

"அப்ப நீங்க வெளிய வாங்க."

போனாள். ஏன் போனோம் என்று அப்புறம் வெகுநேரம் யோசித்தாள்.

"அந்த உறையில ஒரு மாதுளை மட்டும் கோணலா இருக்கே, ஏன்?" விரலில் ஒட்டிய பாகைத் துடைத்தபடி கேட்டான்.

அவளும் வருஷக்கணக்கில் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் கவனித்ததில்லை. "தச்சவளுக்கு அன்னிக்கு மனசு வேற எங்கேயோ இருந்திருக்கும்."

"உங்க மனசு எங்க இருக்கு?"

"வேலையில."

"பொய். பொய் சொன்னா உங்க இடது கண்ணு சுருங்குது. நாள் முழுக்கக் கண்ணைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன், என்கிட்டயேவா?"

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். வரும்போதெல்லாம் ஒரு கேள்வி. இந்த விளக்கு யாருடையது, அந்தத் திரையில் ஏன் ஒட்டுப்போட்டிருக்கிறது... பதில் தெரியாதபோது இருவரும் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கதை கட்டினார்கள். சனிக்கிழமை வந்தாலே நோமிக்கு நிலைகொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, வெள்ளிக் குவளை ஒன்றின் முன் நின்றான். ஆசி வழங்கும் இரண்டு கைகள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. அவன் தன் கைகளையும் அதேபோல விரித்தான், விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு.

"எங்க கை இது. அப்பா பக்கத்துல நிப்பேன், சால்வையைத் தலைக்கு மேல இழுத்துக்குவோம். செருப்பைக் கழட்டணும் பாருங்க... எங்கப்பா சாக்ஸ்ல எப்பவும் ஒரு ஓட்டை இருக்கும்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் ஆதி குரு ஆரோனின் வழிவந்த குருமார் குலம். சபையின் முன் நின்று ஆசி சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். விவாகரத்தானவளை அவர்கள் கட்டக் கூடாது. கட்டினால் அந்த உரிமை போய்விடும்.

"பென்னோ... நான் விவாகரத்து ஆனவ."

விரித்த கைகள் மெல்ல இறங்கின. கண்ணாடிக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நோமி, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. உங்கப்பா பக்கத்துல அந்த இடம் என்னால காலியாக வேண்டாம். யாருக்கும் நஷ்டமா இருக்க எனக்கு விருப்பமில்ல. இனிமே வராதீங்க."

போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும். சரியாகத்தான் சொன்னோம் என்று நோமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நனைந்த கோட்டு எது உள்ளே வந்தாலும் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவனை நேசிக்கிறோம் என்பது அவன் வராதபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

கூடாரப் பண்டிகையின் முதல் நாள். கொட்டும் மழை. வாசல் காவலாளி போன் செய்தார்.

"ஒருத்தர் வெளியவே நிக்கிறாரும்மா. டிக்கெட் எடுக்க மாட்டாராம், பண்டிகையன்னிக்குக் காசு தொடக் கூடாதாம். உங்களைத்தான் கேட்கிறார்."

குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றான் பென்னோ.

"டிராம்ல வர்றதுக்கென்ன?"

"பண்டிகை நாள்."

"ஒரு குடை?"

"பண்டிகை நாள்."

"இவ்வளவு பார்க்கிறவர் இங்க எதுக்கு..."

"இவ்வளவு பார்க்கிறதாலதான் இத்தனை வாரம் ஆச்சு." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஆசி சொல்ல எங்களைக் கூப்பிடுறப்ப ஜெபக்கூடத்துக்குள்ள இருந்தா மறுக்க முடியாது. அந்த உரிமையை விட்டுடறதுன்னு முடிவு பண்ணி, இன்னிக்கு அதுக்கு முன்னாடியே எழுந்து வெளிய வந்துட்டேன். கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன்... அப்பா குரல் மட்டும்."

நோமியின் கண் நிறைந்தது. "அவருக்குத் தெரியுமா?"

"நேத்தே சொன்னேன். பேசவே இல்ல. இன்னிக்குச் செருப்பைக் கழட்டிக்கிட்டே, 'அந்தப் பொண்ணு சம்மதிச்சுட்டாளா'ன்னார். இன்னும் கேக்கலப்பான்னேன். 'முட்டாள், போய்க் கேளு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டார்."

"இது உங்களுக்கு நஷ்டம், பென்னோ."

"நஷ்டம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்... எனக்கு நீங்க வேணும், நோமி."

அவள் குடையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

"வா, உங்கப்பாகிட்ட நானே சொல்றேன்."

"ரொம்ப தூரம்... டிராம் ஏற மாட்டேனே."

"தெரியும்" என்றாள். "நடந்துதானே வந்தே நீ?"