பானுப்ரியாவின் துளசி வேலி

எதிர் வயல் மரங்களைப் பானுப்ரியாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அவை சாதாரண மரங்கள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கியவை. காகிதம் செய்யும் கம்பெனி ஒன்று, திருவெள்ளறையில் நிலம் வாங்கிச் சோதனைக்காக நட்டிருந்தது. கிடுகிடுவென்று வளரும். பூக்காது, காய்க்காது. களைக்கொல்லி அடித்தாலும் மரம் சாகாது. ஆனால் கீழே முளைக்கும் தும்பை, நாயுருவி எல்லாம் கருகிப்போகும்.

தும்பைப் பூவை நம்பித்தான் பானு வீட்டுத் தேனீக்கள் இருந்தன.

அம்மா ஆனந்தவள்ளி தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடையில் தேனே இல்லை.

"பூ இல்லைன்னா இதுங்க பெட்டியை விட்டே போயிடும் பானு. போனா திரும்பி வராது."

"ஹெட்மிஸ்ட்ரஸுமா?" பானு பதறினாள். ராணித் தேனீக்கு அவள் வைத்த பெயர் அது.

"அவதான் முதல்ல கிளம்புவா."

அன்றிலிருந்து பானு டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. தன் பங்குச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிப் பெட்டியருகே வைத்தாள். தேனீக்கள் மூழ்கிவிடாமல் இருக்க மேலே குச்சிகளை மிதக்கவிட்டாள்.

"கசக்கலையா?" என்று அம்மா கேட்டாள்.

"கசக்குது," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தபடியே குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். சாத்தார வீதியில் அத்தை பூக்கடை வைத்திருந்தாள். விற்காமல் காய்ந்துபோன துளசி மாலைகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன.

"இது எதுக்குடி உனக்கு?"

"தேனீக்கு அத்தை."

"தேனீக்கு மாலை மரியாதையா? நல்லா இருக்கு போ!"

பானு அந்த மாலைகளைத் தோட்டத்துக்கும் எதிர் வயலுக்கும் நடுவே இருந்த கம்பி வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கம்பெனி வயலில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் பிச்சமுத்து அந்த வழியாக வந்தார்.

"என்ன பாப்பா, வேலிக்குக் கல்யாணமா?"

பானு சிரிக்கவில்லை. தேனீக்கள் வருமா என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. காய்ந்த பூவில் தேன் ஏது? தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. மாலைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு இரண்டு வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் பிச்சமுத்து முதுகில் மருந்து டேங்க்கோடு வந்தார். சர்க்கரைத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பானு நிமிர்ந்து பார்த்தாள். வேலி ஓரமாக அடித்துக்கொண்டே வந்தவர், மாலை தொங்கிய இடத்தில் சட்டென்று நின்றார். தெளிப்பானை நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணே நின்னுட்டீங்க?"

"கீழ பாரு. துளசி முளைச்சிருக்கு. பெருமாளுக்குப் போற செடி. இது மேல விஷம் அடிக்க எனக்குக் கை வராது."

மாலையிலிருந்த காய்ந்த கதிர்கள் விதைகளைக் கொட்டியிருந்தன! பானுவின் கண்கள் பளிச்சிட்டன. துளசி பூத்தால் தேனீக்கு அது விருந்தல்லவா?

மறுபடியும் ஸ்ரீரங்கம். மறுபடியும் ஒரு கூடை மாலை. இந்த முறை கதிர்களை உள்ளங்கையில் கசக்கி, வேலி நெடுகத் தூவினாள். வேலி ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டியாகத் துளசி எழுந்தது.

ஒருநாள் கம்பெனி மேலாளர் அடைக்கலராஜ் பைக்கில் வந்து இறங்கினார்.

"வேலி ஓரம் ஏன் மருந்து அடிக்கலை பிச்சமுத்து?"

பிச்சமுத்து தலையைச் சொறிந்தார். பானு முன்னால் வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க சார். துளசி விதைச்சது நான்தான்."

"ஏம்மா, இவ்வளவு மரம் வச்சிருக்கோம். ஊரே பச்சையா இருக்கு. அது போதாதா?"

"பச்சை பெயின்ட் அடிச்ச சுவரும் பச்சையாத்தான் சார் இருக்கும். அதுல தேனீ என்ன சாப்பிடும்?"

அவர் சிரித்துவிட்டார். பானு அவரைத் தேனீப் பெட்டியிடம் அழைத்துப்போனாள்.

"காதை வச்சுக் கேளுங்க சார். பயப்படாதீங்க, கொட்டக்கூட அதுங்களுக்குத் தெம்பு இல்லை."

அடைக்கலராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பெட்டிக்குள் மெல்லிய முனகல் மட்டுமே கேட்டது.

"இவ்வளவுதான் சத்தமா?"

"முன்னாடி ஃபேன் ஓடுற மாதிரி கேக்கும்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். கொட்டாங்குச்சியையும் அதில் மிதந்த குச்சிகளையும் பார்த்தார்.

"பிச்சமுத்து, இனிமே வேலி ஓரமா மருந்து வேண்டாம்."

"வயலுக்கு உள்ளே?" என்று கேட்டாள் பானு.

"உள்ளே முடிவு பண்றது நான் இல்லைம்மா. ஆனா நீ கேட்டதை மேல இருக்கிறவங்ககிட்ட கேக்குறேன்."

"மறந்துடாதீங்க. நான் திரும்பத் திரும்பக் கேப்பேன்."

"தெரியுது, தெரியுது!" என்று சொல்லிக்கொண்டே அவர் பைக்கைக் கிளப்பினார்.

தை பிறந்தபோது வேலி நெடுகத் துளசி பூத்திருந்தது. கதிருக்குக் கதிர் தேனீ. பானு பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஃபேன் ஓடியது.

"அம்மா! ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கேயும் போகலை!"

அம்மா அவள் கையில் டீ டம்ளரைக் கொடுத்தாள். பானு ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, இவ்வளவு இனிப்பா இருக்கு?"

"ரெண்டு ஸ்பூன் போட்டேன்," என்றாள் அம்மா. "ஒண்ணு பழைய பாக்கி."