மூன்றாவது இணைப்பு

மதியம் மூன்று மணிக்கு அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினான் தம்பி. கையில் புது வைஃபை ரூட்டர். அத்தான் இறந்துபோய் இரண்டு மாதம். வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கவேண்டும் என்று அக்கா நாலு தடவை கெஞ்சிய பிறகே வந்திருந்தான்.

மாடியறையில் ஜன்னல் சாத்திக் கிடந்தது. அத்தான் எப்போதும் தடவும் தலைவலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது. மேசைமேல் அத்தானின் பழைய கம்ப்யூட்டர்.

“இந்த ஓட்டை டப்பாவைக் கட்டிக்கிட்டா அழுதாரு உன் வீட்டுக்காரர்?” என்றான். “ஒத்தை விரலால டொக்கு டொக்குன்னு தட்டுவாரே, கோழி கொத்துற மாதிரி! ஒரு மெயில் அனுப்ப அரை நாள். மண்டை பூரா களிமண்.”

“மெதுவா பேசுடா,” அக்கா கிசுகிசுத்தாள். “அவர் காதுல விழும்.”

“விழட்டுமே. உயிரோட இருந்தப்பவே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லத் துப்பில்ல.”

ரூட்டரைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. புதிதாக ஒரு பாஸ்வேர்ட் வைத்தான். எங்கும் எழுதவில்லை, வாய்விட்டும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரையும் தன் போனையும் இணைத்துவிட்டு, எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்தான்.

இரண்டு இருக்கவேண்டும்.

மூன்று இருந்தன. மூன்றாவதற்குப் பெயரில்லை.

“உன் போனாக்கா?”

“என்கிட்ட பட்டன் போன்தானே இருக்கு.”

“அப்ப பக்கத்து வீட்டுத் திருட்டுப்பய எவனோ,” என்று இளக்காரமாகச் சிரித்தபடி பாஸ்வேர்டை மாற்றினான். எல்லா இணைப்பும் அறுந்தது. புது பாஸ்வேர்ட் கேட்டு, திரையில் வெறும் கட்டம் ஒன்று வந்து நின்றது.

அவன் இன்னும் கையை நீட்டவில்லை.

டொக்.

கீபோர்டில் ஒரு விசை தானாக அமுங்கியது. கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

டொக்... டொக்...

அவசரமே இல்லாத தட்டல். தைல வாடை அவன் பிடரியை ஒட்டி வந்தது. கடைசி எழுத்தும் விழுந்து முடிந்ததும், ‘இணைக்கப்பட்டது’ என்றது திரை.

அவன் இரண்டடி பின்வாங்கினான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்ப மட்டும் பயமா இருக்கா? இருபது வருஷத்துல ஒரு நாளாவது அவரை மனுஷனா மதிச்சிருக்கியாடா நீ?”

அவன் வாசலைப் பார்த்து ஓடினான். பையை விட்டான், செருப்பை விட்டான், படியில் ரெண்டு இடத்தில் இடறினான். வெறுங்காலோடு காரில் ஏறிக் கதவைப் பூட்டி, தெருமுனை தாண்டிய பிறகுதான் மூச்சே வந்தது. வெளியே பளீரென்ற வெயில். ஆள் நடமாட்டம். தன்னையே திட்டிக்கொண்டான்.

பீப்... பீப்... பீப்...

ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு மின்னியது. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

கண்ணாடியில் பார்த்தான். சீட் காலி.

பின்னால் பெல்ட் சரசரவென்று இழுபட்டது.

க்ளிக்.

பீப் நின்றது.