மூன்றாவது இலை

"ஐயோ... என் மூங்கில்!"

அலறல் கேட்டு, வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கியிருந்த இன்ஸ்பெக்டர் ஒகுமுரா துள்ளி எழுந்தார். டியூட்டிக்குப் போகும் முன் இந்த மலை விடுதியில் ஒரு முழுக்குப் போடாவிட்டால் அவருக்கு மூளை ஓடாது.

அங்கியை வாரிச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

விடுதி முதலாளியம்மா டோமியே சுவரைக் காட்டினாள்.

"காக்கேய் மாஸ்டர் வரைஞ்ச மூங்கில்... காணோம் ஸார்!"

"அதான் தொங்குதேம்மா?"

"இது வேற! யாரோ மாத்திட்டாங்க!"

ஒகுமுரா கிட்டே போனார். கறுப்பு மையில் மூங்கில். இலைகள் காற்றில் அசைவது போலவே இருந்தன. முகர்ந்தார். புது மை! மூலையில் காக்கேயின் சிவப்பு முத்திரை!

"பழசை எடுத்துட்டு, அதைவிட நல்லதா ஒண்ணை மாட்டிட்டுப் போற திருடனா?"

"எனக்குப் பழசுதான் வேணும்!" டோமியே வெடித்தாள். "மியூசியத்துக்காரங்க இன்னிக்கு அதைப் பார்க்க வர்றாங்க!"

ஒகுமுரா யூனிஃபார்முக்கு மாறினார். போலீஸ் கார் காக்கேய் வீட்டை நோக்கிச் சீறியது. டோமியேயும் தொற்றிக்கொண்டாள்.

காக்கேய் வீட்டுக் கதவை ஒகுமுரா சரக்கென்று தள்ளியபோது...

தணல்! அதன் மேல் நீட்டிய கிழவரின் கையில்... சுருட்டிய படம்!

"நில்லுங்க!"

பாய்ந்தார். படம் தப்பியது. ஒகுமுராவின் மூக்குக்கண்ணாடி தணலுக்குள் போனது.

"ஏன் மாஸ்டர்? உங்க படத்தை நீங்களே திருடுவீங்களா?"

காக்கேய் உடைந்துபோனார்.

"சின்ன வயசுல இவளுக்கு வரைஞ்சு கொடுத்தது ஸார்... அந்த மூணாவது இலையைப் பாருங்க! இலையா அது? மத்தி மீன்! மையில போட்ட கோட்டை அழிக்கவும் முடியாது. மியூசியத்துல தொங்கினா என் மானம் போயிடும்!"

"மத்தி மீனா?!"

டோமியேயின் முகம் சிவந்தது.

"அந்த இலைக்காக எத்தனை தாளைக் கிழிச்சிருப்பேன் தெரியுமாய்யா உனக்கு?"



"நீ... கிழிச்சியா?" என்றார் காக்கேய்.

டோமியே உதட்டைக் கடித்தாள். லேட்!

"உங்க படத்து மேல... மிஸோ சூப்பைக் கொட்டிட்டேன் மாஸ்டர். சொல்லப் பயம். நானே வரைஞ்சு மாட்டிட்டேன்."

"என் முத்திரை?!"

"முள்ளங்கியில செதுக்கினேன்."

"அடிப்பாவி! அந்த மீனுக்காகவா இத்தனை வருஷம் தூக்கமில்லாம புரண்டேன்?"

"மறுபடி மீன்னு சொன்னீங்க... நடக்கறதே வேற!"

"உஷ்ஷ்!" ஒகுமுரா இடுப்பிலிருந்து விலங்கை உருவினார். "அவர் திருடன். நீ போலி வரைஞ்சவ. ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடங்க."

காக்கேய் முறைத்தார். "ரெண்டு பேரா? விலங்கு ஒண்ணுதானே இருக்கு?"

ஒகுமுரா சிரித்தார்.

"வளையம் ரெண்டு இருக்கே மாஸ்டர்!"